இரண்டு இடது கை வைத்த கிளைடர்

போன மாதம், கிளைடர் பழுது பார்க்கும் எங்கள் பழைய பட்டறைக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண்கள் நான்கு பேர் ஒரு மாடல் கிளைடரின் இறக்கைமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தார்கள். அரை மணி நேரத்தில் இறக்கை பளபளவென்று வந்துவிட்டது. "அம்மா, ஒங்க காலத்துல இதுக்கு எத்தனை நாளு ஆவும்?" என்று ஒருத்தி கேட்டாள். நாலு நாள் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், அந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கும் பொறாமைதான். "நீங்க போட்ட மொத எறக்கை எப்படி வந்துச்சு?" என்று அடுத்தவள் கேட்டாள். நின்றுகொண்டே பதில் சொல்கிற கேள்வியில்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார், வீட்டில் ஆறு பிள்ளைகள், நான் மூத்தவள். திருச்சியில் இரண்டு வருஷம் தையல் பயிற்சி. முதல் வருஷம் காஜா எடுத்தேன், இரண்டாம் வருஷம் காஜா எடுக்கத் தெரியாதவர்களைத் திட்டினேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ரவிக்கை வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் மட்டும் அங்கிருந்து என்னோடு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில், உலக யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கூடம் நடந்தது. ஆண்களுக்கு மரவேலையும் ரேடியோ வேலையும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தையலும் கற்றுக் கொடுத்தார்கள். தையலுக்கு நான் தற்காலிக டீச்சர். மரவேலைக்குக் கோவிந்தசாமி ஆசாரி. எல்லாவற்றுக்கும் மேலே சபாபதி சார்.

சபாபதி சார் பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அளவு எடுத்தால் தாளில் குறிக்க மாட்டார், காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். மத்தியானத்துக்குள் கை முழுக்க ஊதா நிறமாகிவிடும், அதே கையால் மோர் குடிப்பார். 'தப்பு' என்று யாரிடமும் சொல்லமாட்டார். "இன்னொரு தரம் பாத்துருவமா?" என்பார். அதைக் கேட்டால் பர்மாவில் குண்டுக்குப் பயப்படாத சிப்பாய்க்கும் வியர்த்துவிடும்.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு வேலையை நிறுத்தி எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். அன்றைக்குத் தான் செய்த தப்பை அவரவரே சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது. முதலில் சாரே ஆரம்பிப்பார்: "இன்னைக்கு ஒரு ரேடியோ வால்வைக் கால் மாத்திச் சொருகிட்டேன். போயிருச்சு." அடுத்தது ஆசாரி, அடுத்தது நான். சொன்ன தப்பை மறுநாள் யாரும் எடுத்துப் பேசக் கூடாது. எனக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தால், செய்த பாவம் சாமியாருக்கு மட்டும்தான் தெரியும், இங்கே ஆசாரிக்கும் தெரிகிறதே!

சாருக்கு ஒரே ஒரு பைத்தியம். எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற கிளைடரைச் சின்னதாகச் செய்து, தரையில் நின்றபடி ரேடியோவால் திருப்ப வேண்டும். அதற்கு அனுமதிக் காகிதம் வாங்கி, பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த உறுப்புகளை வைத்து, கிளைடருக்குள் இருந்து ரேடியோ சைகையை வாங்குகிற ஒரு ரிசீவரை எட்டு மாதமாகக் கட்டியிருந்தார். தரையில் பித்தானை ஒரு முறை அழுத்தினால் வாலில் இருக்கிற சுக்கான் வலப்பக்கம் திரும்பும், மறுமுறை அழுத்தினால் இடப்பக்கம். விட்டால் நேராகிவிடும். பெரம்பலூருக்கு வெளியே அறுவடை முடிந்த காட்டில் ஒரு பறக்கும் கழகம் போட்டி வைக்கப் போகிறது என்று தெரிந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிளைடர் வட்டமடித்து, தரையில் போட்ட வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அதுதான் போட்டி.

அதே மாதம்தான் மேலிடத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. மாதக் கடைசியோடு தையல் பிரிவை மூடுகிறார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "லூர்து, எறக்கைக்குத் துணி போட ஆளு வேணும். போட்டியில நல்லா பறந்துச்சுன்னா, துணி வேலைக்கு ஒரு ஆளு நிரந்தரமா வேணும்னு எழுதுவேன். பறக்கலன்னா என் எழுத்த எவனும் படிக்க மாட்டான்" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டுக்காக மட்டுமல்ல, நானே வெட்டி நானே போடுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. வரதராசன்பேட்டைக்குத் திரும்பி ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை.

இறக்கையில் முதலிலேயே ஒரு சிக்கல் இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்து, ரேடியோ இல்லாத லேசான கிளைடருக்கான இறக்கையை ஆசாரி கட்டியிருந்தார். நீளவாட்டில் மூங்கில், விலாக்கட்டைகளுக்குக் கல்யாணமுருங்கை. அதன் தலையில் ரிசீவரையும் பேட்டரியையும் ஏற்றினால் எடை இரட்டிப்பாகிவிட்டது. சோதனைக்காகக் காகிதம் ஒட்டி ஏரிக்கரையில் பறக்கவிட்டுப் பார்த்தோம். நேராகப் போகும்வரை அழகாகப் போயிற்று. திரும்பச் சொன்னதும் ஒரு பக்க நுனி சட்டென்று கீழே சரிந்து, தலைகுப்புற வந்து புல்லில் குத்தியது.

சார் உள்ளங்கையில் கணக்குப் போட்டார். "நடு எறக்கை தாங்குது. நுனி அதுக்கு முன்னாடியே கைய விட்டுருது. எறக்கைய நீட்டணும். நுனியில பின்விளிம்பக் கொஞ்சம் தூக்கித் திருகி வெக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு தீப்பெட்டி ஒசரம் போதும்."

ஆசாரி பக்கத்துக்கு ஒன்றரை அடி நீட்டிவிட்டார். திருகல்தான் நிற்கவில்லை. மூங்கில் லேசானது, திருகிக் கட்டினால் அவிழ்த்ததும் நேராகிவிடும். மூன்று நாள் போராடிவிட்டு, "இதுக்கு மேல திருவுனா ஒடஞ்சிரும் சார்" என்று கையை விரித்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சட்டம் நிக்கலன்னா போவுது சார், துணி இழுக்கும். துணியக் குறுக்காப் போட்டு நான் திருவித் தரேன்."

கிராஸ் கட் ரவிக்கை தைத்தவர்களுக்கு இது புரியும். நூலுக்கு நேராக வெட்டிய துணி அசையாமல் நிற்கும், மூலைவாட்டில் வெட்டியது ஒரு பக்கமாக இழுக்கும். எங்களிடம் இருந்தது ஏலத்தில் வந்த பாராசூட் பட்டு. அதன்மேல் டோப் என்கிற திரவத்தைப் பூசினால் காயக் காயப் பட்டு சுருங்கி, தப்பட்டை மாதிரி இறுகும். வாழைப்பழ வாசனை அடிக்கும், பூசி முடிப்பதற்குள் தலை கிறுகிறுத்துவிடும். துண்டு ஒன்றில் பூசிப் பார்த்ததில், நீளவாட்டில் ஓடும் பாவு நூலைவிடக் குறுக்கே ஓடும் ஊடை நூல் அதிகம் சுருங்குவதைக் கண்டுபிடித்திருந்தேன். ஆகவே மேல்பக்கம் ஊடை ஒரு மூலைக்கும் கீழ்ப்பக்கம் எதிர்மூலைக்கும் ஓடும்படி போட்டால், சுருங்கும்போது அதுவே நுனியைத் திருகிவிடும். சார் உள்ளங்கையில் எதையோ எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டு கொஞ்சம்தான் இருந்தது. மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, வலது இடது இறக்கைகளுக்கான துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று நெருக்கிப் பரப்பி வெட்டினேன். ஒரு சாண் துணி மிச்சம். ஆசாரியிடம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். "டீச்சரம்மா கத்திரி புடிச்சா துணி வளருது" என்றார் அவர். கஞ்சிப்பசையில் ஒட்டினோம், தண்ணீர் தெளித்து இழுத்தோம், மூன்று பூச்சு டோப் பூசினோம்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். சார் புது பேட்டரி வாங்க ரயிலடிக்குப் போயிருந்தார், ஆசாரி சாப்பிடப் போயிருந்தார். காய்ந்த இறக்கைகளை மேஜைமேல் வைத்து அளந்தேன். இடது இறக்கையின் நுனியில் பின்விளிம்பு கச்சிதமாக ஒரு தீப்பெட்டி உயரம் எழும்பியிருந்தது. வலது இறக்கையில் அதே தீப்பெட்டி அளவு கீழே இறங்கியிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் வருஷம் தையல் படிக்கிற பெண் செய்கிற தப்பு. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் ஒன்று வலது கையாகவும் ஒன்று இடது கையாகவும் வரும். ஒற்றையாகப் பரப்பிச் சிக்கனம் பிடித்தால் இரண்டும் ஒரே கையாகிவிடும். என் துண்டுகளின் வடிவத்தைப் பார்த்தால் ஒன்று வலது, ஒன்று இடது. நூல் ஓட்டத்தைப் பார்த்தால் இரண்டும் இடது கை. இதற்காக எத்தனை பெண்களை வகுப்பில் நிற்க வைத்திருக்கிறேன்!

இதைப் பறக்கவிட்டால் எழும்பியதுமே ஒரு பக்கமாக உருண்டு விழும். எட்டு மாத ரிசீவர் தூளாகிவிடும். இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தூசி படக்கூடாது என்று காரணம் வைத்துக்கொண்டு, இரண்டு இறக்கைகளையும் பழைய புடவைத் துணியால் சுற்றிக் கட்டி, மூலையில் சாத்தி வைத்தேன். நாலரை மணிக்கு மரத்தடியில் சார் தன் தப்பைச் சொன்னார், ஆசாரி தன் தப்பைச் சொன்னார். என் முறை வந்தது. "இன்னைக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

மறுநாள் காலை, கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் பெரம்பலூருக்குக் கிளம்பினோம். இறக்கைகளை மேலே போட விடமாட்டேன் என்று கண்டக்டரிடம் சண்டை போட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த எட்டுப் பேர் மடியில் குறுக்கே கிடத்திக்கொண்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஆளாளுக்கு ஆசையாகப் பிடித்துக்கொண்டார்கள். "என்னாம்மா இது, சாமி சப்பரத்துக்கா?" என்று விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர் கேட்டார். "வானத்துல பறக்கப் போவுதுங்க" என்று ஆசாரி சொன்னதும், அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். "நம்ம ஊரு சாமானு. பாத்து ஓட்டுப்பா!" என்று டிரைவருக்கு உத்தரவும் போட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை பேர் தாங்கிக்கொண்டு வருவது என் பொய்யை என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

போட்டிக் காட்டின் ஓரத்தில் ஒரு புளியமரம், அதன் பக்கத்தில் ஓர் இட்லிக் கடை. சார் பெட்டியை இறக்கி வைத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்க்கக் கை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"சார், நேத்து நாலரைக்குப் பொய் சொன்னேன்."

கையை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஏன் சொன்னாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். "என்ன தப்பும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டும் எடது கை சார்."

ஆசாரி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவி டீச்சரம்மா! பஸ்ஸுல என் மடியில வச்சுக்கிட்டு வந்தேனே, ஒரு வார்த்த சொல்லப்புடாதா?"

சார் இரண்டு இறக்கைகளையும் கடைப் பலகைமேல் வைத்து அளந்தார், உள்ளங்கையில் எழுதினார். "நம்ம முறைக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. இன்னொரு தரம் பாத்துருவமா?" என்றார். அந்த வார்த்தை அன்றைக்குத்தான் எனக்கு இனித்தது.

"சூடு காட்டுனா டோப்பு இளவும் சார்" என்றேன். "நெருப்புக் காட்டுனா குப்புனு புடிச்சிரும். ஆவியில காட்டலாம்."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் இட்லிப் பானையைத் திரும்பிப் பார்த்தோம்.

கடைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏம்மா, எட்டு வருசமா கடை வச்சிருக்கேன். எறக்கைய வேவ வெக்கணும்னு எவளும் வந்து நின்னதில்ல. வெந்தா சட்னி தொட்டுத் திம்பீங்களா?"

"பறந்துச்சுன்னா ஒங்க பானைனாலதான் பறந்துச்சுன்னு சொல்றேங்க்கா" என்றேன். "இந்த ஈடு எறங்கட்டும், அப்பறம் எடுத்துக்க" என்றாள்.

அடுப்புப் பக்கத்தில் டோப் பூசிய துணியைக் கொண்டுபோகக் கூடாது. அதனால் தண்ணீர் கொதித்ததும் ஆசாரி பானையைத் தூக்கிக்கொண்டு இருபது அடி தள்ளி மரத்துக்கு அந்தப் பக்கம் வருவார். வலது இறக்கையின் நுனியை ஆவியில் காட்டுவோம். பட்டு லேசாகத் தளரும். அப்போது நான் முன்விளிம்பைப் பிடிக்க, ஆசாரி பின்விளிம்பை மேலே திருகுவார். ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றால் இரண்டு திருக வேண்டும், விட்டால் பாதி திரும்பிப் போய்விடும். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து இருநூறு எண்ணுவார். அதுவரை மூச்சுகூட விடக்கூடாது. முதல் பானையில் இறக்கை சமநிலைக்கு வந்தது. இரண்டாம் பானையில் அரைத் தீப்பெட்டி எழும்பியது. மூன்றாம் பானைக்குக் கடைக்கார அம்மாளே தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு, "எண்ணுங்க சார், நல்லா எண்ணுங்க" என்று வந்து நின்றாள். இருநூறு எண்ணி முடித்துக் கையை விட்டோம். சார் தீப்பெட்டியைப் பின்விளிம்புக்குக் கீழே செருகினார். இடித்துக்கொண்டு நின்றது. அப்படியே நிழலில் ஆறவிட்டோம்.

எங்கள் முறை வந்தது. ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுகயிற்றைப் பிடித்து ஓடினார். ஐம்பது வயதில் அப்படி ஓடியவரை நான் பார்த்ததில்லை. கிளைடர் பட்டம் போல எழும்பி, உச்சிக்குப் போய்க் கயிற்றை உதறியது. நேராக மிதந்தது. சார் பித்தான்மேல் விரலை வைத்தார். நான் ஏலாக்குறிச்சி மாதாவைக் கூப்பிட்டேன். எத்தனை மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அழுத்தினார். வலப்பக்கம் சாய்ந்தது. ஏரிக்கரையில் இந்த இடத்தில்தான் விழுந்தது. வலது நுனி தாழ்ந்தது, அப்படியே நின்றது, வட்டத்தை ஆரம்பித்தது. மறுபடி அழுத்தினார். இடப்பக்கம். அதுவும் அதே அழகு. சூடான காட்டுக்கு மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. சார் கிளைடரை அதன் பக்கம் கொண்டுபோனார். காற்று அதையும் மேலே ஏற்ற ஆரம்பித்தது. பருந்தும் எங்கள் பட்டு இறக்கையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே ஏறின. கடைக்கார அம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏ புள்ள, என் பானை போவுது பாரு, என் பானை போவுது!" நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான்.

வெள்ளைத் துணியிலிருந்து ஏழு தப்படி தள்ளி இறங்கியது. சென்னையிலிருந்து வந்தவர் ஒருவர் ஐந்து தப்படியில் இறக்கி முதல் பரிசு வாங்கினார். நாங்கள் இரண்டாவது. ஆசாரி அந்த இரண்டு தப்படியைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, சென்னைக்காரருடையதை அளந்தவனுக்குக் கால் நீளம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலரை மணி ஆயிற்று. ஊர் மாறினாலும் வழக்கம் மாறவில்லை, புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். சார் ஆரம்பித்தார்: "நேத்து இந்த நேரத்துக்கு நான் லூர்து மொகத்தப் பாக்கல, புது பேட்டரியவே பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு." நான் எழுந்து நின்று, பட்டை ஒற்றையாகப் பரப்பி வெட்டியதிலிருந்து, புடவைத் துணியால் சுற்றியது, பொய் சொன்னது, பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அரைக்கால் சட்டை, வெள்ளைத் தொப்பி. போட்டி நடத்திய கழகத்தில் மனிதர் ஏறிப் பறக்கிற பெரிய கிளைடர்களைப் பழுது பார்க்கும் பட்டறைக்கு அவர்தான் தலைவர். எங்கள் இறக்கையைப் பார்க்க வந்தவர், நான் பேசியதை முழுக்கக் கேட்டிருக்கிறார். வலது நுனியை விரலால் தடவினார், முகர்ந்தார். "இட்லி வாசனை அடிக்குதே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போச்சு, இனி சார் எழுதினாலும் எடுபடாது என்று நினைத்தேன்.

"துணியக் குறுக்காப் போட்டுத் திருவலாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தான் சார்."

"மாத்தி வெட்டுனதும் நீதான்?"

"நாந்தான் சார்."

தொப்பியைக் கழற்றிச் சாரைப் பார்த்தார். "எங்க பட்டறையில துணி போடுற ஆளுங்க அஞ்சு பேரு. தப்பு நடந்தா அஞ்சு பேரும் வானத்தப் பாப்பானுங்க. இந்தப் பொண்ண எனக்கு விட்டுருங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "இது பொம்மை, விழுந்தா மரக்கட்டை ஒடயும். அங்க உள்ளுக்குள்ள மனுசன் இருப்பான். அதனால எங்ககிட்ட ஒரு சட்டம். எறக்கைக்குத் துணி போட்டவங்கதான் அதுல மொத ஆளா ஏறிப் பறக்கணும். ஏறுவியாம்மா?"

ஆசாரி என் முகத்தைப் பார்த்தார். சார் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் தவிர ஏணியில்கூட ஏறாதவள்.

"ஏறுறேன் சார்" என்றேன். "ஆனா ரெண்டு எறக்கையையும் நாந்தான் வெட்டுவேன். வேற ஒரு பய கத்திரிக்கோலத் தொடப்புடாது."

சபாபதி சார் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த மாதம் முதல் தேதி நான் அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.